பான் தலைவரின் ஏழு அரண்கள்

மழை மாதத்தில், யாங்மெய் என்ற சிவப்புப் பழம் கூடை கூடையாகச் சந்தைக்கு வரும் நாட்களில் எங்கள் ஊரில் உலர்ந்த பொருள் என்று ஒன்று கிடையாது. தீக்குச்சி உரசினால் வளையும். உப்புச் சாடியில் உப்பு குழம்பாகிக் கிடக்கும். துவைத்துப் போட்ட சட்டை காய்வதற்குள் அடுத்த துவையலுக்கு நாள் வந்துவிடும். ஏரியில் இருக்க வேண்டிய தண்ணீரில் பாதி காற்றில்தான் இருக்கும். என் தொழில் அட்டைப்பெட்டி. அந்த மாதத்தில் அட்டைப்பெட்டி செய்கிறவனுக்கு ஒன்று பொறுமை வரும், இல்லாவிட்டால் வேறு தொழில் வரும்.

எனக்கு அடுத்த கொட்டகை பான் ஷோவ்லினுடையது. தண்ணீர் உறிஞ்சும் வேக்யூம் கிளீனர் செய்கிறார். அவரது முகவரி அட்டையில் 'தங்கத் திமிங்கலம் சர்வதேசத் துப்புரவு இயந்திரக் குழுமம், தலைவர்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கும். குழுமத்தில் தலைவரைத் தவிர இருந்தவர்கள் இருவர்: அவர் மனைவி மியாவ் குயிஜென், பொருத்துநர் தாவ். 'ஏற்றுமதிப் பிரிவு' என்று பலகை மாட்டிய ஓர் அறையும் இருந்தது. அதில் பூண்டு தொங்கியது.

இயந்திரம் எளிமையானது. கீழே ஒரு பீப்பாய். மேலே மோட்டார் உட்கார்ந்திருக்கும் தலை. தலையைப் பீப்பாய்மேல் வைத்து இரண்டு கொக்கிகளால் பூட்டிவிட்டால் மோட்டார் காற்றை இழுக்கும். தரையில் கிடக்கும் தண்ணீர் குழாய் வழியாக ஓடிவந்து பீப்பாய்க்குள் விழும். தண்ணீர் பீப்பாய்க்கு வர வேண்டும், மோட்டாருக்குப் போகக் கூடாது. தொழில் இவ்வளவுதான். சூச்சோவைச் சுற்றியுள்ள ஊர்களில் பாதிப் பேர் இந்தக் 'கூடாது'வை நம்பித்தான் சோறு தின்கிறோம்.

பானுடைய மோட்டாருக்குத் தண்ணீர் போனது. எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஓட்டும்போது பார்த்தால் பாலைவனம் மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் மூடியைக் கழற்றினால் தாமிரக் கம்பிச் சுருளின்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும்.

வசந்த காலத்தில் வடக்கே ச்சிங்தாவிலிருந்து தெங் மேடம் வந்திருந்தார். ஹோட்டல்களுக்கு இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தில் சோதனை அதிகாரி. குள்ளமான உருவம், கத்தரித்த முடி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முதல் நாள் ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் காலை மோட்டார் மூடியைக் கழற்றித் தூக்கியபோது ஒரு சொட்டு அவருடைய ஷூவின்மேல் விழுந்தது. துருப்பிடித்த, தேநீர் நிறச் சொட்டு. அவர் ஷூவைப் பார்த்தார், பானைப் பார்த்தார். "இன்னொரு தடவை வருவேன். அதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசியும் தவறினால் கொட்டகையை மூட வேண்டியதுதான். மூடினால் குயிஜென் எங்கே போக வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்தது. ஏரிக்கு அக்கரையில் உள்ள பெரிய தொழிற்சாலையில் அவள் தங்கை குயிலான் மேற்பார்வையாளர். அக்காவுக்கு வேலை பேசி வைத்ததோடு நிற்காமல், நீல நிறச் சீருடை ஜாக்கெட் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருந்தாள். அது பிளாஸ்டிக் உறைக்குள் கம்பி ஹேங்கரில் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கதவைச் சாத்தும்போதெல்லாம் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும்.

"அங்க மூத்திரம் போகக்கூட அட்டை வாங்கணும் லூ அண்ணே" என்று குயிஜென் என்னிடம் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவள். "வரிசைக்கு ஒரே அட்டை. ஒருத்தி போயிட்டு வந்து குடுத்தாத்தான் அடுத்தவ போகலாம். இப்ப அந்த அட்டை என் தங்கச்சி கையில இருக்கு. நான் மூக்கைத் துடைச்சுவிட்டு வளர்த்த கழுதைகிட்ட கைநீட்டி அட்டை வாங்கணுமா?"

பான் தலைவர் இதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. தண்ணீர் வருகிறதா, அடை. இன்னும் வருகிறதா, இன்னும் அடை. இப்படி அடைத்து அடைத்து ஏழு அடைப்புகள் ஆனதும் அதற்கு 'ஏழு அரண்' என்று பெயர் வைத்தார். முதல் அரண் பீப்பாய் நிறைந்ததும் மேலே மிதந்து வந்து வாயை அடைக்கும் பந்து. இரண்டாவது துணி வடிகட்டி, மூன்றாவது பஞ்சு வளையம், நான்காவது சுழல்தண்டைச் சுற்றிய ரப்பர். இவை நான்கும் ஊரில் எல்லோரும் போடுவதுதான். ஐந்தாவதிலிருந்துதான் தலைவரின் மேதைமை தொடங்கியது. மோட்டார் அறையின் அடியில் இருந்த சிறு வடிதுளையை வெள்ளைப் பசை வைத்து அடைத்தார். ஆறாவதாக, மோட்டார் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் காற்று வாங்கும் கழுத்துப் பிளவுகளில் பாதியை அதே பசையால் மூடினார். ஏழாவது, பிளாஸ்டிக் தாள்.

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் புதுப் பொருளின்மேல் ஒட்டி வரும் தாளை யாரும் லேசில் உரிக்க மாட்டோம். உரித்துவிட்டால் பொருள் பழையதாகிவிடும். பான் வீட்டில் டிவி ரிமோட் பிறந்த நாளிலிருந்து உறைக்குள்தான் இருக்கிறது. கார் இருக்கைகளும் அப்படித்தான். கல்யாணத்துக்கு வாங்கிய சோபாவின் துணி என்ன நிறம் என்று குயிஜென்னுக்கே உறுதியாகத் தெரியாது. ஆகவே இயந்திரத்தின் தலையையும் பளபளப்பான தாளால் இறுக்கி ஒட்டினார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் தாளை ஓரத்தில் உரித்து, ஓட்டி முடித்ததும் தலையைப் பீப்பாயில் பூட்டி, தாளை மறுபடி நீவி ஒட்டிவிடுவார்கள்.

"வாங்குறவன் தன் கையால உரிக்கணும்டா லூ. அந்தச் சுகத்தை நாம எடுத்துக்கக் கூடாது" என்பார் பான். ஏழு கோட்டை மதில்களின் படம் போட்ட பெட்டிகளை என்னிடம் செய்யச் சொன்னார். செய்து கொடுத்தேன். படம் அழகாகவே வந்திருந்தது.

தெங் மேடம் மதியத்துக்கு மேல் வருவதாக இருந்த அன்று பெட்டிகளை இறக்கிவைக்கப் போயிருந்தேன். மழை. தாவ் இரண்டு இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். பான் தலைவர் கோட்டு மாட்டிக்கொண்டு, அதன் கையில் தைத்த தயாரிப்பாளர் பட்டையைப் பிரிக்காமல், வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். குயிஜென் கொட்டகையை ஒட்டிய வீட்டு முன்னறையில் அரைக்கால் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து விலாங்கு மீன் நூடுல்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை வைக்க எழுந்தாள்.

சர்ர்ர் என்று ஒரு சத்தம். தோல் உரிகிற மாதிரி.

"சனியனே!" என்று சோபாவைத் திட்டினாள். காலின் பின்பக்கத்தைத் தடவினாள். பிறகு குனிந்து பார்த்தாள். "லூ அண்ணே, இங்க தண்ணி எவனாவது ஊத்துனானா?"

"உங்க வேர்வைதான் அண்ணி."

"நான் உக்காந்தது இந்த மூலை. அந்த மூலையில பாருங்க."

உறையின் ஓரத்தைத் தூக்கினாள். யாருமே உட்காராத மூலையில், உறையின் உட்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர் பூத்திருந்தது. அடியில் துணி நனைந்து கறுத்திருந்தது.

"உறைக்கு உள்ள எவன் உக்காந்து வேர்த்தான்?" என்றாள் மெல்ல.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உறையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். திடீரென்று செருப்பைக்கூட மாட்டாமல் கொட்டகைக்குள் ஓடினாள்.

"தாவ்! நேத்து ஓட்டிப் பூட்டி வெச்ச மிஷின் எது?"

"ரெண்டுமே அண்ணி. இப்பத்தான் வெளிய துடைச்சேன், மின்னுது பாருங்க."

"மின்னுறது கெடக்கட்டும். உரி அந்தத் தாளை."

"முதலாளி..."

அவளே உரித்தாள். தாளின் உட்பக்கத்தில் அதே பொடித் தண்ணீர். கழுத்துப் பிளவுகளில் தண்ணீர். மோட்டார் மூடியைத் தாவ் கழற்றினான். கம்பிச் சுருளில் முத்துகள்.

"யோவ், இங்க வாய்யா தலைவரே!" அவள் குரல் கால்வாய்க்கு அப்பால் கேட்டிருக்கும். "ஓட்டையத் தேடித் தேடிச் செத்தோமே! தண்ணி எந்த ஓட்டை வழியாவும் வரல. ஓட்டும்போது ஒரு சொட்டுகூட வரல. ஓட்டி முடிச்சு, மோட்டார் சூட்டோட, நனைஞ்ச பீப்பா மேல தலைய வெச்சுப் பூட்டி, இருக்கற வழியெல்லாம் பசைய அப்பி, மேல தாளையும் ஒட்டிட்டுப் போயிடறோம். அது ராத்திரி பூரா உள்ளயே வேர்த்துக்கிட்டு கெடக்கு!"

"மோட்டார் வேர்க்குமா? அதென்ன எருமையா?"

"எருமைக்காவது மூக்குல ரெண்டு ஓட்டை இருக்கு. அதையும் நீ அடைச்சிருப்ப. தாவ், கத்தி எடு."

"எதுக்கு?" என்றார் பான், பதறி.

எதற்கென்று அடுத்த நிமிடமே தெரிந்தது. குயிஜென் இயந்திரத் தலையை மடியில் வைத்துக்கொண்டு பிளவுகளிலிருந்து பசையைச் சுரண்டி எறிந்தாள். மீனுக்குச் செதில் தேய்க்கிற வேகம்.

"ஏய், அது ஆறாவது அரண்!"

"ஆறாவது போச்சு."

"துளையத் தொடாத! குயிஜென், அது அஞ்சாவது! பெட்டியில ஏழு போட்டிருக்குடி! லூ, நீ சொல்லுடா இவளுக்கு!"

"பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டேன்" என்றேன். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன்.

"இந்த மழையில எல்லாத்தையும் தொறந்து வெச்சா வெளி ஈரமும் சேர்ந்து உள்ள போகும். செஞ்சு பாத்தியா? ஒரு தடவையாவது செஞ்சு பாத்தியா?" என்று அவளிடம் கத்தினார் பான்.

அவள் கை நின்றது. செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்க ஒரு ராத்திரி வேண்டும். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு ராத்திரி பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது இயந்திரத்தின் பசையைச் சுரண்டத் தொடங்கினாள்.

தெங் மேடம் இந்த முறை ரப்பர் பூட்ஸ் போட்டு வந்திருந்தார். பான் வரவேற்புரையைத் தொடங்கினார். "மனிதகுலத்துக்கும் ஈரத்துக்கும் இடையே நடக்கும் இந்த நெடிய போரில்" என்பது வரை வந்தார். தெங் மேடம் தாவைப் பார்த்து, "ஸ்விட்ச் போடுங்க" என்றார். மனிதகுலம் மோட்டார் சத்தத்தில் கரைந்துபோனது. பான் வாயசைத்துக்கொண்டே இருந்தார், கடைசி வரி வரைக்கும்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. குடையோடு சிலர், தலையில் கூடையோடு சிலர். அகன்ற தொட்டி நிறையத் தண்ணீர். மேடம் தன் பையிலிருந்து சோப்புப் பொட்டலத்தை எடுத்துத் தாராளமாகக் கொட்டிக் கலக்கினார். நுரை தொட்டிக்கு மேலே தொப்பி வைத்தாற்போல எழுந்தது. கூட்டம் "ஓ" என்றது. தண்ணீருக்குப் பந்து மிதந்து வாயை அடைக்கும், நுரைக்கு அசையாது என்பது எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நுரை சந்து பார்த்து நுழையும். கழுத்துப் பிளவில் ஒரு வெள்ளைக் குமிழ் தலைகாட்டினால் மோட்டார் செத்தது என்று பொருள்.

தாவ் குழாயைத் தொட்டிக்குள் விட்டான். பாம்பு எலியை விழுங்குகிற மாதிரி குழாய் புடைத்துப் புடைத்து இழுத்தது. குயிஜென் இயந்திரத்தின் கழுத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள்.

"ஏறுது ஏறுது!" என்றது ஒரு குரல்.

"உன் ரத்தக்கொதிப்பு ஏறுது. சும்மா இரு!"

உள்ளே பந்து எழுந்து டொக்கென்று வாயில் உட்கார்ந்தது. மோட்டார் குரல் மாறி ஊளையிட்டது. இழுவை நின்றது. தாவ் ஸ்விட்சை அணைத்தான். எல்லோரும் கழுத்துப் பிளவைப் பார்த்தார்கள். குமிழ் இல்லை. குயிஜென் விரலை வைத்துத் தடவி, விரலை உயர்த்திக் காட்டினாள். தெரு கைதட்டியது. இரண்டாவது இயந்திரமும் அப்படியே தேறியது. பான் தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தார்.

தெங் மேடம் மட்டும் கைதட்டவில்லை. "போன தடவையும் இதுவரைக்கும் நல்லாத்தான் வந்துது. காலைல பாக்கலாம்" என்றார்.

குயிஜென் பீப்பாய்களைக் கவிழ்த்துத் துடைத்தாள். தலைகளைக் கழற்றிய நிலையிலேயே கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டி ஈரத்தை ஊதி வெளியேற்றினாள். பிறகு ஏற்றுமதிப் பிரிவில், பூண்டுச் சரத்துக்குக் கீழே பலகைமேல், தலைகள் தனியாகவும் பீப்பாய்கள் தனியாகவும் வைத்தாள். அறையைப் பூட்டிக் கதவில் தாள் பட்டை ஒட்டி முத்திரை குத்துவது தெங் மேடத்தின் வழக்கம்.

"ஒரு நிமிஷம் மேடம், விளக்கை அணைச்சுட்டு வந்துடறேன்" என்று பான் உள்ளே போனார். விளக்கு அணைய அவ்வளவு நேரம் ஆகுமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே மேடம் கூப்பிட்டார். பான் முகம் மலர வெளியே வந்தார். பட்டை ஒட்டியாயிற்று. முத்திரை விழுந்தாயிற்று.

குயிஜென் சன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அப்படியே நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஓர் இயந்திரம் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தது. மற்றது தலை பூட்டி, தாள் நீவி, மணப்பெண் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது.

"யோவ். என்னய்யா பண்ணின?"

"ஒண்ணுக்குச் சட்டை போட்டு விட்டேன். அடுத்ததுக்குப் போறதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க" என்றார் பான் கிசுகிசுப்பாக. "காலைல மேடம் வரும்போது தலை ஒரு பக்கம் முண்டம் ஒரு பக்கமா கெடந்தா கசாப்புக் கடை மாதிரி இருக்காது? விருந்தாளி முன்னாடி ஒரு மரியாதை வேண்டாம்?"

குயிஜென் திரும்பினாள். மழையில் இறங்கி, மேடம் ஏறிவிட்ட காரை நோக்கி நடந்தாள். பான் பின்னால் ஓடி அவள் சட்டைக் கையைப் பிடித்தார். "சொல்லாதடி! மானம் போயிடும். காலைல பாத்து ஏதாவது சமாளிச்சுக்கலாம்!"

"விடுய்யா. மானத்தையும் தாள் போட்டுத்தான் வெச்சிருக்கியா?"

கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "மேடம், உள்ள இருக்கற ரெண்டுல ஒண்ணை என் வீட்டுக்காரர் மூடிட்டார். அது காலைல ஈரமா இருக்கும்."

தெங் மேடம் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். "இப்பவே சொல்றீங்க, ஈரமா இருக்கும்னு?"

"ஆமா மேடம். மூடினா வேர்க்கும். தொறந்து வெச்சா காயும். அப்படித்தான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"மத்தியானத்துல இருந்து நெனைக்கிறேன்."

அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். "பன்னண்டு ஊர் சுத்தறேன். எல்லாரும் எங்கிட்ட 'காஞ்சிருக்கும் காஞ்சிருக்கும்'னுதான் சத்தியம் பண்ணுவாங்க. ஒட்டின முத்திரையப் பிரிக்க முடியாது. ரெண்டும் அப்படியே இருக்கட்டும். தொறந்தது காஞ்சிருந்தா மேல பேசலாம்."

"ரெண்டும் ஈரமா இருந்தா?"

"ரயில்ல ஏறி ஊருக்குப் போயிடுவேன்."

அன்றைய விருந்தில் பான் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய பன்றி இறைச்சியை மேடத்தின் கிண்ணத்தில் அடுக்கிக்கொண்டே போனார். வடக்கத்தியவரான மேடம் அதைச் சோற்றுக்கு அடியில் புதைத்துக்கொண்டே போனார். ஏழு அரண்களின் பெயரால் ஏழு முறை கோப்பையை உயர்த்தினார் பான். நாலாவது அரணிலேயே நாக்குக் குழறத் தொடங்கியது. குயிஜென் ஒரு யாங்மெய் பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். எழும்போது பார்த்தால் உள்ளங்கை முழுக்கச் சிவப்பாக இருந்தது. பழத்தைத் தின்றிருக்கவில்லை.

விடிந்தபோதும் மழை விடவில்லை. பட்டையைக் கிழித்துக் கதவைத் திறந்ததும் பூண்டு வாசனை முகத்தில் அடித்தது. தெங் மேடம் முதலில் மணப்பெண்ணிடம் போனார். தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்தார். சர்ர்ர். பான் தன்னையறியாமல் கண்ணை மூடி ரசித்தார். கண்ணைத் திறந்தபோது தாளின் உட்பக்கத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றி, பையிலிருந்து மெல்லிய காகிதத்தை எடுத்துச் சுருளைச் சுற்றித் துடைத்தார் மேடம். காகிதம் கூழாகிவிட்டது. தாவ் தரையைப் பார்த்தான்.

"இது நீங்க சொன்ன மாதிரியே இருக்கு" என்றார் மேடம் குயிஜென்னிடம். "அடுத்தது."

பலகையில் தனியே கிடந்த தலையைத் தாவ் திருப்பினான். திருகாணி ஒன்று கீழே விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை. மூடி எழுந்தது. புதுக் காகிதம் சுருளைச் சுற்றி ஒரு வட்டம் போனது. இன்னொரு வட்டம் போனது. அடித்துளைக்குள்ளும் முறுக்கிவிட்டு எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு குயிஜென் கையில் கொடுத்தார்.

குயிஜென் காகிதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விரலால் கசக்கினாள். அது மொறுமொறுவென்று சத்தம் போட்டது. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் மொறுமொறுத்த ஒரே பொருள் அதுதான்.

"காஞ்சிருக்கு!" என்று கத்தினாள். "லூ அண்ணே, காஞ்சிருக்கு! தாவ், கேளுடா சத்தத்தை!" ஒவ்வொருவர் காதருகிலும் கொண்டுபோய்க் கசக்கிக் காட்டினாள், பான் காதில் இரண்டு முறை.

"இருங்க" என்றார் மேடம். "நீங்க தொறந்து வெப்பீங்க. என் ஹோட்டல் பசங்க வெக்க மாட்டாங்க. வேலை முடிஞ்சதும் தலையப் பூட்டி ஒரு மூலைல தள்ளிட்டு ஓடிடுவாங்க. அதுக்கு என்ன பண்றது?"

பான் வாயைத் திறந்தார். எட்டாவது அரண் ஒன்று வரப்போகிறது என்று எல்லோரும் பயந்தோம். அதற்குள் குயிஜென் வீட்டுக்குள் ஓடிவிட்டாள். கதவு படாரென்று அடித்தது. ஏதோ கிழிகிற சத்தம். திரும்பி வந்தபோது அவள் தோளில் நீல ஜாக்கெட் கிடந்தது, கையில் அது தொங்கிய கம்பி ஹேங்கர். குறடை வாங்கிக் கம்பியை இரட்டையாக மடித்து முறுக்கினாள். ஒரு முனையைப் பீப்பாயின் கைப்பிடியில் கோர்த்து மறுமுனையைக் கொக்கியாக வளைத்தாள். தலையைத் தூக்கி அதில் மாட்டினாள். தலை பீப்பாயின் பக்கவாட்டில், காற்றுப் படும்படி ஆடிக்கொண்டு தொங்கியது.

"வெக்க எடம் இல்லாமதான் மேடம் பூட்டிடறாங்க. ஈரத் தலையத் தரையில வெக்கவா முடியும்? மாட்ட ஒரு எடம் இருந்தா மாட்டுவாங்க."

தெங் மேடம் தலையைத் தட்டிவிட்டு அது ஆடுவதைப் பார்த்தார். "கம்பி தடிமனா வேணும். பூச்சுப் பூசினது" என்றார். "எல்லா மிஷின்லயும் வேணும். தாள் வேண்டாம். பசை வேண்டாம்."

தாவ் விசிலடித்தான். வாசலில் நின்ற தெரு விசிலுக்குப் பொருள் புரியாமலே ஆரவாரம் செய்தது. போகிற வழியில் மேடம் என் பெட்டிகளைப் பார்த்து நின்றார். மதில்களை எண்ணினார்.

"தலைவரே, படத்துல ஏழு அரண் இருக்கு. உள்ள நான் எண்ணினப்ப நாலுதானே வந்துது?"

பான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மீதி மூணும் தொழில் ரகசியம் மேடம்" என்றார்.

கார் கிளம்பியதும் குயிஜென் போன் அடித்தது. தங்கை. வேலை செய்துகொண்டே பேசும்படி ஒலிபெருக்கியைப் போட்டுப் பலகையில் வைத்துவிட்டு, நனைந்த பீப்பாய்க்குள் கையை விட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.

"அக்கா, எப்ப வர்ற? ஜாக்கெட் போட்டுப் பாத்தியா? எப்படி இருக்கு?"

குயிஜென் கையிலிருந்த நீலத் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் தாரையாக ஊற்றியது.

"ரொம்ப நல்ல துணிடி. தண்ணியை நல்லா இழுக்குது."